வெட்டுப்படாத தசை

சிசேரியன் ஆனதிலிருந்து மூன்றரை வருஷம் நான் என் மகளைத் தூக்கியதே இல்லை. கணவரோ நாத்தனாரோ எடுத்து என் மடியில் வைப்பார்கள். யாரும் தடுக்கவில்லை, நானே போட்டுக்கொண்ட சட்டம். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்காதே என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பிறகு பிள்ளை பெற்ற வயிறு இறுகத் துணி சுற்ற வந்த மலாய்க்கார மாது, வெட்டின வயிறு, பத்திரம் என்று சுற்றுக்கு ஒரு தரம் சொன்னார். போதாதா எனக்கு! வயிற்றுத் தசையைக் குறுக்கே அறுத்துத் தைத்திருக்கிறார்கள், தையல் எப்போது வேண்டுமானாலும் விடும் என்று முடிவு கட்டிவிட்டேன். தழும்பைச் சுற்றி மரத்துக் கிடந்தது. படுத்து எழுந்தால் நடுவயிறு கூம்பு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தப் புடைப்பைக் காட்டத்தான் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்கு மகளோடு போனேன். டாக்டர் என்னைவிடச் சின்னவள். என்னைத் தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். பிள்ளை வளர்ந்தபோது இரண்டு பக்கத் தசையும் விலகி, நடுவில் இருக்கும் பட்டை தளர்ந்துவிட்டதாம். பயிற்சி செய்தால் இறுகுமாம். மரத்துப்போனது தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் அறுபட்டதாலாம்.

“அப்போ வெட்டின தசை?” என்றேன்.

“மசலை யாரும் வெட்டலக்கா. தோலு, கொழுப்பு, அதுக்குக் கீழ கெட்டியா ஒரு உறை, அதுவரைக்கும்தான் வெட்டுவோம். மசல் ரெண்டையும் நடுவுல பிரிச்சு, சைட்ல ஒதுக்கிட்டு உள்ள போவோம். திரைச்சீலையை விலக்குற மாதிரி லா.”

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். எப்போதோ தூக்கியிருக்கலாமே என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். கேட்காமலே எல்லாம் தெரிந்தவளாக இருந்துவிட்டேன். பைத்தியக்காரி.

வெளியே, கடைகளை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைபாதையில், ஒரு புடவைக்கடை வாசலில் முட்டியை மடக்கி உட்கார்ந்து கைகளை நீட்டினேன். மகள் பின்னால் நகர்ந்தாள்.

“வேணாம்மா. உனக்குக் கிழிஞ்சிடும்.”

கிழியாது என்று சொல்லி இழுத்து அணைத்துக்கொண்டு எழுந்தேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் என் கழுத்தைக்கூடப் பிடிக்காமல், கால்களை என் வயிற்றில் படாமல் விலக்கி வைத்து, கனம் குறையட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.