ஏ முதல் இசட் வரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். படூரில், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் இன்றும் கைநாட்டுதான். அந்தப் பெருமை என்னிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

ஒவ்வொரு குழந்தையின் குரலையும் மாதாமாதம் பதிவு செய்து, குழந்தையின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு சர்வரில் வைப்போம். பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் நாள் முழுக்க ஓடும், பாதியில் நின்றுவிடும். திறந்து பார்த்தால் யாரோ இறக்கிய சினிமாப் பாட்டு, கல்யாண வீடியோ, குட் மார்னிங் படங்கள். அதையெல்லாம் சேர்க்காமல் தாண்டிப் போகும்படி புரோகிராம் எழுதினேன். குழந்தைகளின் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் மலைபோல் குவிந்திருந்ததால், பெயரின் முதல் எழுத்தை வைத்து ஏ முதல் இசட் வரை நான்கு பகுதிகளாகப் பிரித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் பேக்கப் முடிந்து, திரையில் பச்சை டிக் விழுந்தது. அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

சர்வர் பழசாகியிருந்தது. "பேக்கப் இருக்கு, தைரியமா அழிக்கச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் சொல்லி, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றித் தர கேளம்பாக்கத்துக் கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை முட்டுக்காட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். இறால், அவர் பேச்சில் எறா, விற்பவர். கூடவே ஐந்து வயது மகள். அன்று கடலுக்குப் போகாத கணவரையும் இழுத்து வந்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பேசாத புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அலைச்சல், நிறுத்துன்றாரு பாப்பா. இவ பேசுனத ஒரு தபா போட்டுக் காட்டு. அப்பால அவரே சொல்லட்டும்" என்று என்னிடம் கேட்டார் அக்கா. அப்பா முன்னால் அந்தக் குழந்தை வாயே திறக்கவில்லை.

பேக்கப் டிஸ்க்கில் தேடினேன். அவள் பெயர் இல்லை.

அவளுக்குப் பயிற்சி தரும் டீச்சர் எட்டிப் பார்த்து, "நான் தமிழ்லதானேம்மா பேர் போடுவேன்" என்றார்.

மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்தேன். பட்டியலில் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை. ஏ முதல் இசட் வரை பிரித்தவள், 'அ' என்று ஓர் எழுத்து இருப்பதையே மறந்திருந்தேன். பதினொரு குழந்தைகளின் குரல்கள் எந்தப் பகுதியிலும் சேராமல் வெளியே நின்றிருந்தன.

கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. "அரை மணி நேரம் இருங்கண்ணா" என்று குழந்தையின் அப்பாவிடம் கெஞ்சிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைக்காரர் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, என் மிஷின அழிச்சிட்டீங்களா?"

"இன்னா பேஜாரு உன்னோட? நாஸ்தா துன்னுட்டு கை வைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பறந்து வர்றே."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் டீ சொன்னார்.

சர்வரைத் தூக்கி வந்து மாட்டி, முதல் மாதப் பதிவைப் போட்டேன். வெறும் மூச்சுச் சத்தம். ஏழாம் மாதத்தைப் போட்டேன். கீச்சென்ற குரலில், தெளிவாக, "எறா!"

அப்பா கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. "இன்னாடி, அப்பன வுட்டுட்டு எறாவ கூப்புட்டுக்கினு கீறே?" என்று சிரித்தவர், "இன்னொரு தபா போடும்மா" என்றார். நான்கு முறை போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து மகளை அவரே கூட்டி வந்தார்.

நடந்ததை மேலாளரிடம் நானே சொன்னேன். திட்டினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. அன்றே ஐந்தாவதாக ஒரு பகுதி எழுதினேன்: மேலே எதிலும் சேராத எல்லாமும். இப்போது எந்த இடத்தில் பேக்கப் அமைத்தாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் முதன்முதலாக எழுதிய எழுத்தையே விட்டுவிட்டேனே என்ற கூச்சமும், அந்தக் குரல்கள் திரும்பக் கிடைத்த சந்தோஷமும் ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் வந்து நிற்கின்றன.