காரிப்பசுவுக்கு ஒரு கார்டு

கோவில்பட்டிச் சந்தையில் கோபாலசாமியின் பிண்ணாக்குக் கடையில் பன்னிரண்டு வருசம் எடை போட்டவர் பிச்சையா. விவசாயம் பார்க்கிற சம்சாரிகளிடம் மாட்டை விசாரிக்காமல் மூட்டையைக் கட்ட மாட்டார். எந்தப் பசு எப்போது ஈனும், எந்தக் காளை தீனி எடுக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எழுபத்தெட்டில், எப்போதும்வென்றான் ஊர் வேலுத்தாயின் பசு அந்தக் கடைப் பிண்ணாக்கைத் தின்று செத்தது. கடலைப் பிண்ணாக்கோடு, விலை மலிவான, மாட்டுக்கு விஷமான ஆமணக்குப் பிண்ணாக்கு கலந்திருந்தது. அவள் வந்து நியாயம் கேட்டபோது, கோபாலசாமி பழியைப் பிச்சையாவின் மேல் போட்டு, சந்தையே பார்க்கச் செருப்பால் அடித்துத் துரத்தினார்.

மறு வருசம் பிச்சையா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தபால் கார்டு வாங்கிச் சம்சாரிகளுக்கு எழுத ஆரம்பித்தார். ‘உங்கள் செவலை இந்த மாசம் ஈனும். புதுப் பருத்திக்கொட்டை வந்திருக்கிறது.’ தபால்காரர் அதை ஊர் நடுவில் வாசிக்க, தங்கள் மாட்டுக்கே கடுதாசி வந்ததில் சம்சாரிகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கோபாலசாமி கடைக்குப் போகாத குளத்தூர்க்காரர்களுக்கும் எழுதலாமே என்றாள் மனைவி சீனித்தாய்.

“அவரு கடைக்குப் போறவியளுக்கு மட்டும்தான் எழுதுவேன்” என்றார் பிச்சையா.

வேலுத்தாயும் கார்டோடு வந்தாள். யார் கலந்தது என்று நேராகவே கேட்டாள்.

“அவரு சொன்னாரு, நான் கலந்தேன். ஒங்க பசு செத்ததுல எனக்கும் பங்கு உண்டுக்கா.”

வேலுத்தாய் அரை மூட்டை கட்டச் சொன்னாள். விசயம் ஊர் ஊராகப் பரவியது. மூன்றாம் வருசம் கோபாலசாமி கடையை அடைத்தார்.

பிச்சையாவுக்கு அது போதவில்லை. மழை பொய்த்து, வேறெங்கும் பிண்ணாக்கு கிடைக்காத ஒரு பங்குனியில் கோபாலசாமிக்கும் ஒரு கார்டு போட்டார்: ‘உங்கள் காரிப்பசுவுக்கு இது எட்டாம் மாசம். நம்ம கடைக்கு வாருங்கள்.’

நான்காம் நாள் கோபாலசாமி வந்தார். பிச்சையா மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அவரிடம் திரும்பினார். எடை போட்டு வாங்கிய பிறகும் வேண்டுமென்றே போகாத வேலுத்தாய் மட்டும் மூட்டையோடு நின்றாள். பிச்சையா ஒரு துண்டுப் பிண்ணாக்கை எடுத்து நீட்டினார்.

“கடிச்சுப் பாருங்க மொதலாளி.”

கோபாலசாமி வேலுத்தாயைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. வாங்கிக் கடித்தார். அவர் மென்று விழுங்கி முடிக்கும் வரை பிச்சையா தராசைத் தொடவில்லை.