சிஸ்டர் என்று கூப்பிட்டால்

இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த முதியவரிடம், "ஐ ஆம் சிஸ்டர்" என்று சொல்லி நின்றேன். "யூ ஆர் தி சிஸ்டர்?" என்று எழுந்து உட்கார்ந்தார். தலையாட்டினேன். அவ்வளவுதான், சூப் ஆறிப்போனதில் தொடங்கி டாக்டர் வராதது வரை கொட்டித் தீர்த்துவிட்டார். இங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்கே தலைமை நர்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

திருப்பூரில் பல்லடம் சாலை ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயரே இருந்ததில்லை. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்தாலும் சிஸ்டர், ஃபேன் சுற்றாவிட்டாலும் சிஸ்டர். விரலில் தையல் மிஷின் ஊசி ஏறிய பெண் ஒரு பக்கம் துடிப்பாள், மூச்சிரைக்கும் பெரியவர் மறுபக்கம் கூப்பிடுவார். இரண்டு வார்டுக்கும் நான் ஒருத்தி. "ஏனுங் சிஸ்டர், எத்தன வாட்டிங்க கூப்புடறது?" என்று மரியாதையாகவே திட்டுவார்கள். அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. போக முடியாத கட்டிலில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் வீடு வரைக்கும் கூடவே வரும்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்கண்ணு, எங்க கம்பெனில டீக்கு மிசினையே நிறுத்தறாங்க. உனக்கு அதுகூட இல்லியா?" நர்சுகள் காசுக்காக வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள் என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

போன வாரம் அம்மாவுக்கு நிமோனியா. என்னோடு வேலை பார்த்த செல்வி இருக்கிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தேன். இங்கே பிரேக் நேரத்தில் வீடியோவில் அழைத்தேன். செல்வி போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். "நீங்க விட்டுப்போன எடத்துக்கு இன்னும் ஆள் போடலீங்கக்கா. எனக்கும் விசா வந்திருச்சுங்க, அடுத்த மாசம் கெளம்பறேன்" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேன். அப்புறம் வார்டுக்கு யார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மறுபக்கம் யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

அம்மா இருமலுக்கு நடுவே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் கண் மேலே தொங்கிய பாட்டிலுக்குப் போயிற்று. காலி. குழாயில் ரத்தம் பின்னேறத் தொடங்கியிருந்தது.

"அம்மா, பாட்டில் தீந்துருச்சு. செல்வியக் கூப்புடுங்க."

அம்மாவுக்குப் பெயர் வாயில் வரவில்லை. "சிஸ்டர்... ஏனுங் சிஸ்டர்..."

யாரும் வரவில்லை. பாட்டிலை மாற்ற ஓடுகிறவளைப் போல நான் எழுந்து பிரேக் ரூம் கதவு வரை போய்விட்டேன். எதிரே வந்த எங்கள் வார்டு சிஸ்டர் தோளில் கைவைத்துத் தடுத்தாள். "நோ, நோ. சிட் டவுன். யூ ஆர் ஆன் யுவர் பிரேக்." அக்கறையாகத்தான் சொன்னாள். கையில் டீயையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

உட்கார்ந்தேன். போனுக்குள் அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே, வார்டு வாசலுக்குக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சிஸ்டர்... சிஸ்டர்..."