மணக்காத மாம்பழம்

அன்று வீட்டில் அம்மாவும் நானும், மேலறையில் குடியிருந்த மாம்பழ வியாபாரியும் இருந்தோம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். தாராவியில் தகரக் கூரைதான். மழை கொட்டி, மேலறைக்குள் ஒழுகியது.

வியாபாரி ஒல்லியான மனிதர். ஒவ்வொரு பழத்தையும் காம்பில் முகர்ந்து பார்த்துத்தான் விற்பார். அந்த வாரம் மட்டும் முகரவில்லை.

திடீரென்று மேலேயிருந்து பூண்டு நாற்றம் இறங்கியது. அம்மா அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தாள். பாய்ந்து பிடுங்கினேன். காயைப் பழுக்கவைக்கப் போடும் கார்பைடு கல் நனைந்தால் வரும் வாயு வெடிக்கும் என்று கல்லூரியில் படித்திருந்தேன்.

"அண்ணாச்சி, கல்லு போட்டீங்களா? சுவிட்சத் தொடாதீங்க!"

வியாபாரி இறங்கி வந்தார். "மழைக்கு முன்ன வித்துரலாம்னு போட்டேன் தம்பி."

"காய் முத்தி, அதுவா வாயு விட்டுப் பழுத்தாத்தானே உள்ள மணம் ஊறும்? இதுல தோலு மட்டும்தான் மஞ்சளாவும்."

"தெரியும்டே. வாங்குறவன் கண்ணாலதான வாங்குதான்."

இருவரும் பெட்டிகளைச் சந்துக்கு இறக்கினோம். எங்கே தீப்பொறி விழுமோ என்று மூச்சுவிடவே பயந்தேன். மழை விட்டதும் விற்றிருக்கலாம். பழம் நல்ல மஞ்சள். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார்; எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனது நாற்பதாயிரம் ரூபாய்.