சுவர்ப்பக்கம் திரும்பிய ராணி

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னது பொய்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் நீங்கள் தலைவராக இருக்கும், பழைய படங்கள் வைத்த நூதனசாலையை நானும் அக்காவும் ஏழு வருடம் துடைத்தோம். மாடியில் ஒரு அறை முழுக்க அந்த ஒரு படம்தான். பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த முகம். ராணி ஒருத்தி தன்னையே செதுக்கியதாகக் கருதப்படுகிறது என்று கீழே எழுதியிருந்தது. கண்களில் வெள்ளையே இல்லை, இரண்டு கறுப்புக் குழிகள். வாளியோடு எங்கே நின்றாலும் அந்தப் பார்வை முதுகில் உறுத்தும். அக்கா அந்த அறையைக் கடைசியாகத்தான் துடைப்பாள்.

யாழ்ப்பாணத்தில் எங்களைப் பெற்ற ஐயா செத்த செய்தி வந்த காலை, பதிலுக்கு ஆள் இல்லாததால் வேலைக்குப் போனோம். நான் மாடி ஏறியபோது அக்கா படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கென்ன விசரே?"

"வீட்டில சாமிப்படமெல்லாம் திருப்பிப்போட்டு வந்தனான். இவ மட்டும் ஏன் பாத்துக்கொண்டு நிக்கவேணும்? ராசாத்தி எண்டா செத்தவீட்டுத் துடக்கு இல்லையோ?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய படச்சட்டத்துக்குப் பின்மூடி இல்லை. தாளின் பின்பக்கம் மண்ணிற மையில் ஒரு பெண்ணின் பெயர். ராணியின் பெயர் அல்ல. அதற்குக் கீழே, எங்கள் அரைகுறை டேனிஷுக்கே விளங்கிய மூன்று சொற்கள்: இதை நான் செதுக்கினேன்.

அக்கா தானாகவே வந்து உங்களிடம் சொன்னாள். நீங்கள் கை கொடுத்து நன்றி சொன்னீர்கள். அடுத்த கிழமை படத்தின் பின்னால் புதுப் பலகை ஒட்டியிருந்தது. அக்காவுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. காட்சிப்பொருளைத் தொட்டாளாம். தொட்டது உண்மை. வேலை போனது போகட்டும்.

இப்போது அக்கா குளியலறைக் கண்ணாடிக்குத் துணி போட்டிருக்கிறாள். முகம் கழுவும்போது தன் முகத்தில் அந்தக் குழிகள் தெரிகின்றனவாம்.

"என்ர பேரை எங்கை ஒளிச்சனீங்கள் எண்டு அந்தச் செதுக்கினவள் கேக்கிறாளடி," என்கிறாள். "நாங்கள் வாசிச்சது மெய்தானே?"

ஓம் என்கிறேன். தினமும் சொல்கிறேன். பத்திரிகையில் உங்கள் பேச்சைப் படித்த பிறகு அவள் என்னை நம்புவதில்லை. எல்லாம் தன் மனம் உண்டாக்கியது என்று நினைத்து, டொக்டர் தந்த குளிசையைக் கூட்டிப் போடுகிறாள்.

அந்தப் பலகையை ஆட்கள் முன்னால் கழற்றுங்கள். அதே பத்திரிகைக்காரரையும் கூப்பிடுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவின் காதில் விழ, உங்கள் வாயால் வாசியுங்கள்.