தள்ளினால்தான் கிளம்பிய லாரி

பிள்ளைகளா, லாரி ஓட்டிய அப்பாவுக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாமல் நான் செய்த ஒன்றையும், அதைக் கண்டுபிடித்த ஒரு மனிதரையும் பற்றி எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அப்போது பெரியவள் மூன்றாம் வகுப்பு. நான் ஓட்டியது ஒரு பழைய லாரி. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றித் திருவண்ணாமலையில் இறக்குவேன். அந்த வருஷம் புது பெயிண்ட் அடித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, வண்டி ஓடத் தகுதி என்று தரும் எஃப்.சி. வாங்கி வந்த பத்தாம் நாள், சாவியைத் திருப்பினால் வண்டி முனகியது, கிளம்பவில்லை. மூட்டை தூக்குகிற ஆட்கள்தான் தினமும் தள்ளிக் கிளப்பினார்கள். "டிரைவரே, எங்களுக்குக் கூலி மூட்டைக்கா, லாரிக்கா?" என்று கேலி வேறு.

பேட்டரியை சார்ஜ் போட்டேன். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போய் வேங்கிக்காலில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். அவர் சரிபார்த்துக் கொடுத்தார். இரண்டே நாளில் மறுபடி அதே கதை. அவர் கடை வாசலில் நாலு பேர் பார்க்க நின்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"டைனமோவ மட்டும் தூக்கினு வந்தா அது இன்னா சொல்லும்? வண்டியக் கொண்டாங்க."

முதலாளி அதற்குள் முடிவு கட்டிவிட்டார். "லைட்ட எரியவுட்டுட்டுத் தூங்கறியா? இன்னிக்கு சரியாவலேன்னா சாவிய வெச்சிட்டுப் போ" என்று சொல்லி, அவரும் வண்டியில் ஏறி வந்தார். அந்தச் சாவிதான் நம் வீட்டுச் சோறு.

எலக்ட்ரீஷியன் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை முதலில் டைனமோவில் வைத்தார். பிறகு பேட்டரியில் வைத்தார். "இங்க ஜாஸ்தியா கிளம்புது, அங்க கம்மியா போய்ச் சேருது. நடுவுல எங்கியோ நிக்குது" என்றார். வண்டியை நிறுத்தி, பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு தடித்த வயரைப் பிடித்தார். "இப்ப போடுங்க." சாவியைத் திருப்பினேன். முனகலே இல்லை, ஒரே உறுமலில் கிளம்பியது. ஒரு துண்டு வயரை வைத்துக்கொண்டு வண்டியையே பேச வைத்துவிட்டாரே என்று வாய் பிளந்து நின்றேன்.

வண்டியடியில் படுத்து, பேட்டரியின் மைனஸை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்க்கிற எர்த் பட்டையைக் கழற்றினார். அதன் அடியில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட்.

எஃப்.சி.க்காக சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தது நான். ஒரு இடம் விடக்கூடாது என்று ஆசையாக அந்தப் பட்டையைக் கழற்றி, இரண்டு கோட்டு பூசி, காய்ந்த பிறகு மாட்டினேன். அவர் படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துகொண்டார்.

முதலாளி குனிந்து, "யாரு பாத்த வேலை இது?" என்றார்.

"எஃப்.சி.க்கு எல்லா வண்டிக்கும் பூசறதுதான், முதலாளி. பெயிண்ட் மேல எர்த் புடிக்காது. சுரண்டினா சரியாப்பூடும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

அத்தனை பேர் முன்னால் நான் கத்தியதற்கு, அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வேலை போயிருக்கும். சொல்லவில்லை. அதற்கப்புறம் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தாங்க முதலாளி. கழட்டிட்டுப் பூசினேன்."

முதலாளி முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "மூக்குத்தியக் கழட்டிட்டு ஓட்டைய அடைச்சியா! நல்லா அலங்காரம் பண்ணுனய்யா." சாவியைக் கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியன் இரும்பு வெள்ளையாகும் வரை பிளேடால் சுரண்டிப் பட்டையை முடுக்கினார். மன்னிப்புக் கேட்டேன். "டைனமோகிட்ட கேளுங்க, அதத்தான் சும்மா சும்மா கழட்டுனீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். இன்றைக்கும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

சாயங்காலம் மூட்டை இறக்கி ஆட்கள் போன பிறகு, உப்புத்தாளோடு வண்டியடியில் படுத்தேன். விளக்குகளின் எர்த் வயர்களையும் விட்டுவைக்காமல், கழற்றி அடியில் பெயிண்ட் பூசித்தான் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன்.