சாந்த் பாஷா செய்த மணி

அறுபத்தெட்டாம் வருஷம் ஓசூரில், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் சாந்த் பாஷா. கெலமங்கலம் வரைக்கும் அவர் கைராசிக்குப் பேர் உண்டு. ஆனால் பெண்டாட்டி முனவர் பேகம் என்று வந்துவிட்டால் மனுஷருக்குத் தலைகால் புரியாது.

இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக உண்டாகியிருந்தாள் முனவர். படுக்கையை விட்டு எழவே கூடாது, வலி கண்டால் உடனே கூட்டிவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீடு கடைக்குப் பின்னால்தான். ஆனால் பக்கத்தில் வெங்கடப்பனின் கொல்லுப்பட்டறை. அந்தச் சத்தத்தில் அவள் குரல் எங்கே கேட்கும்? அதனால் கடையில் ஒரு பேட்டரி மணி மாட்டி, சுவிட்சை அவள் தலைமாட்டில் வைத்தார்.

மணிக்குள் கம்பி சுற்ற நடுவில் ஓர் இரும்பு வேண்டும். கரண்டு வந்தால் அது காந்தமாகிச் சுத்தியை இழுக்கும், போனால் விட்டுவிடும். இழுத்து இழுத்து விட்டால்தான் மணி அடிக்கும். அதற்குத் தேனிரும்பு என்கிற சாதாரண மெதுவான இரும்பே போதும். இவரோ, "முனவருக்குச் செய்யறதுல மட்ட இரும்பா?" என்று லாரி ஸ்பிரிங் பட்டையில் உயர்ந்த எஃகாக வெட்டிப் போட்டார்.

முதல் நாள் நன்றாகத்தான் அடித்தது. மறுநாள் 'டிங்' என்று ஒரே அடி. பட்டறைச் சத்தம் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்தார். சாப்பிடப் போனபோது முனவர் தண்ணீர்க் குடத்தருகே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாகமா இருந்துச்சுங்க. அமுத்தி அமுத்திப் பாத்தேன், நீங்க வரல."

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. இதுவே வலியாக இருந்திருந்தால்? மணியைத் திறந்தால், கரண்டு போன பிறகும் சுத்தி எஃகோடு ஒட்டிக்கிடந்தது. எஃகு வாங்கிய காந்தத்தை லேசில் விடாது. தினமும் மோட்டாரில் பார்க்கிற சங்கதி, ஆசையில் மறந்துபோயிற்று.

"என்னா பாய், ஊருக்கே காயில் கட்டற ஆளு நீங்க!" என்று சிரித்தபடி, பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் தேனிரும்புப் பட்டாவில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான் வெங்கடப்பன். காந்தம் அதில் தங்காதிருக்க, அதைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட்டுப் பொருத்தினார்கள்.

பிறகு மணி ஓயவில்லை.

"என்னா முனவரு?"

"ஒண்ணுமில்லீங்க. வர்றீங்களான்னு பாத்தேன்."

ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மணி அடித்தது, நிற்கவே இல்லை. கையில் கம்பி தொங்க ஓடினார். "வந்துட்டேன், விட்டுடும்மா" என்று சுவிட்சிலிருந்து அவள் விரலை அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில் அவர் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே வந்தாள். அழுத்தும்போதெல்லாம் "இருக்கேன்" என்றார்.

சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். முனவர் கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தேடிப் பிடித்து, ஒரு தரம் அழுத்தினாள்.

"வந்துட்டேன்" என்றார். பக்கத்தில் மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.